மூடிவிட்டால் பாதுகாப்பா? ஜொகூரின் முகாம்தளங்களும் அரசின் கடமையும்

2026ஆம் ஆண்டை ‘ஜொகூர் வருகை ஆண்டு’ என்று அறிவித்து உலகத்தையே விருந்துக்கு அழைக்கும் மாநிலத்தில், உள்ளூர்க் குடும்பம் ஒன்று ஆற்றங்கரையில் ஓரிரவு கூடாரம் அடித்துத் தங்க எங்கே, யாரிடம், எந்த விதியின்கீழ் அனுமதி பெறுவது என்பது இன்றுவரை எளிதில் விளங்காத காரியமாக இருப்பது ஏற்கத்தக்கதன்று. ஆண்டிறுதி மழை நெருங்கும்போது அருவிகளையும் ஆற்றோரத் தளங்களையும் மூடுவதும், மழை ஓய்ந்தபின் ஒரு சீரமைப்பும் இன்றித் திறந்துவிடுவதும் பாதுகாப்புக் கொள்கை ஆகிவிடா. அவை பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழிகள் மட்டுமே.

2022 டிசம்பர் 16 அதிகாலையில், சிலாங்கூர் மாநிலம் பத்தாங்காலியில் ஒரு பண்ணையின் முகாம்தளத்தின்மீது மலைச்சரிவு இடிந்து விழுந்தபோது, அங்கிருந்த 92 பேரில் 31 பேர் மாண்டனர். அந்தப் பண்ணைக்கு முகாம்தளம் நடத்தும் உரிமம் இருக்கவில்லை. ஆறு, அருவி, மலைச்சரிவு ஆகியவற்றை ஒட்டிய தளங்களை ஒரு வாரம் மூடும்படி ஊராட்சி மேம்பாட்டு அமைச்சு உடனே பணித்தது. துயரத்தின் நடுவே அந்த ஆணை நியாயமானதே. ஆனால் அந்த விபத்து கற்பித்த பாடம் வேறு. எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத ஒரு தளத்தின் சரிவை எந்தப் பொறியாளரும் சோதிக்கமாட்டார். ஆகவே அங்கே மக்களைக் கைவிட்டது கூடாரம் அன்று, பதிவின்மை.

ஜொகூர் மக்கள் கூடாரத்தை ஏன் நாடுகிறார்கள் என்பதை அதிகாரிகள் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவில், ஜாசின் ஆறு எண்டாவ் ஆற்றோடு கலக்கும் கோலா ஜாசின் மணல்திட்டில் தங்குபவர், மறுநாள் காலை உப்பே கூலிங் அருவிக்கு நடந்து சென்றால், சுழித்தோடும் நீரில் அகப்பட்ட கற்கள் காலங்காலமாக உருண்டு உருண்டு பாறையில் குடைந்த, ஓர் ஆள் உட்காரும் அளவுள்ள குழிகளைக் காணலாம். மெர்சிங் அருகே ஆயர் பாப்பான் கடற்கரையில் சவுக்கு மரங்களின்கீழ் விழிப்பவருக்குத் தென்சீனக் கடலில் எழும் ஞாயிறு கட்டணமின்றிக் கிடைக்கிறது. தங்காக்கை அடுத்த 1,276 மீட்டர் உயர லேடாங் மலை, மாநிலத்தின் மலையேறிகள் அனைவரையும் ஒருமுறையேனும் இழுத்துவிடுகிறது. இருள் பிரியுமுன் கடற்பாலம் கடந்து சிங்கப்பூரில் உழைத்து, இரவில் அடுக்குமாடி வீடு திரும்பும் தொழிலாளிக்கும், லயத்து வீடுகளை விட்டுப் பட்டணத்துக்குப் பெயர்ந்த தோட்டப்புறத் தமிழர்களின் பிள்ளைகளுக்கும், விடுதிக் கட்டணம் கட்டாமல் குடும்பத்தோடு வெளியே தங்கக் கிடைக்கும் வழி இது ஒன்றே. தாத்தாவும் பாட்டியும் அன்றாடம் பார்த்த ஆற்றையும் காட்டையும் பேரப்பிள்ளை பார்ப்பதற்கு இன்று ஒரு கூடாரம் தேவைப்படுகிறது.

காட்டைக் காத்ததிலும் முகாமிட்டவர்களுக்குப் பங்கு உண்டு. 1977இல் எண்டாவ் ரொம்பினின் பகாங் பகுதியில் மரம் வெட்ட அனுமதி தரப்பட்டபோது நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்தது. பின்னர் 1985–86இல் மலாயா இயற்கைச் சங்கம் நடத்திய ஆய்வுப் பயணத்தில் அறிவியலாளர்களும் தன்னார்வலர்களும் அந்தக் காட்டிலேயே தங்கி, அதன் செடிகொடிகளையும் உயிரினங்களையும் பதிவு செய்தனர். 1993இல் ஜொகூர்ப் பகுதி தேசியப் பூங்காவாக அரசிதழில் வெளியானதற்கு அந்த உழைப்பு அடித்தளமாக அமைந்தது.

இங்கே சிங்கப்பூரோடு ஓர் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. எண்டாவ் ரொம்பினின் ஜொகூர்ப் பகுதி மட்டும் 48,905 ஹெக்டர். அதாவது ஏறத்தாழ 489 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூர்க் குடியரசின் மொத்தப் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு. அந்தக் குடியரசோ, கடலைத் தூர்த்து மண் நிரப்பி உருவாக்கிய ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும், பாசிர் ரிஸ், சாங்கி கடற்கரைப் பூங்காக்களிலும் கூடாரத்துக்கென்றே இடம் ஒதுக்கி, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவச அனுமதிச் சீட்டு வழங்கிவருகிறது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் பரப்பு 185 ஹெக்டர். எண்டாவ் ரொம்பினின் ஜொகூர்ப் பகுதிக்குள் அத்தகைய பூங்காக்கள் 264 அடங்கும். சீட்டு வாங்கியவர் யார், எந்த நாளில், எந்தத் தளத்தில் இருக்கிறார் என்பது சிங்கப்பூரில் பதிவாகிறது. ஆபத்து வந்தால் யாரைத் தேடுவது என்பது அரசுக்குத் தெரியும். 264 பூங்காக்களுக்கு இடமுள்ள மாநிலம், ஒரு நீரிணைக்கு அப்பால் ஒரு நகரம் செய்து காட்டியதைச் செய்யத் தயங்குவதற்கு நிலப் பற்றாக்குறையைக் காரணம் சொல்ல முடியாது. மனப் பற்றாக்குறையே காரணம்.

மூடுவதே சரி என்போர் மழையைச் சுட்டிக்காட்டுகின்றனர். 2001 டிசம்பர் 27 அன்று, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 1.4 பாகையில் உருவாகி வானிலையாளர்களை வியக்கவைத்த வாமெய் புயல் ஜொகூரில் கரையேறியபோது, புலாய் மலைச்சேறு சரிந்து ஐந்து பேரைப் பலிகொண்டது. அந்தச் சேறு அழித்தது வீடுகளை. அதற்காக மலையடிவாரக் கம்போங்குகளையெல்லாம் காலிசெய்வது தீர்வாகாது. குடியிருப்புக்கு வடிகாலும் எச்சரிக்கையும் என்றால், கூடாரத்துக்கு மட்டும் பூட்டும் சங்கிலியுமா? முகாமிடுவோர் குப்பை போடுகிறார்கள் என்று குறைகூறும் காட்டு அன்பர்களின் வாதம் இதைவிட மெலிந்தது. குப்பைத்தொட்டியும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் குப்பை சேரத்தான் செய்யும். ஏழையின் கூடாரத்தை விரட்டிவிட்டு, குளிரூட்டி பொருத்திய சொகுசுக் கூடாரங்களுக்கு அதே கரையில் இடமளிப்பது இயற்கைப் பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் அநீதி.

உண்மையான ஆபத்து எது என்பதை மக்களுக்குக் கற்பிப்பதே உயிர்காக்கும். அடிவாரத்தில் வெயில் காயும்போதே மலையுச்சியில் பெய்த மழை திரண்டு, ஆற்றில் சட்டென்று சுவராகப் பாய்ந்து வருவதை மலாய் மக்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்று அழைக்கின்றனர். அது வருமுன் தெளிந்த நீர் கலங்கிப் பழுப்பேறும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். ஆற்றின் ஓசை தடிக்கும். அந்த நேரத்தில் பாத்திரம் பண்டங்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுபவர் பிழைப்பார், பொறுக்கி எடுக்க நிற்பவர் போவார். இந்த அறிவு எண்டாவ் ரொம்பினை ஒட்டிய கம்போங் பெத்தாவின் ஜாக்குன் பூர்வகுடி மக்களிடம் தலைமுறைகளாக இருக்கிறது. அதைப் பலமொழிகளில் எழுதி ஒவ்வோர் அருவி வாயிலிலும் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலமும் காடும் ஊராட்சியும் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. ஆகவே புத்ராஜெயா நெறிமுறை வகுக்கட்டும் என்று ஜொகூர் பாரு காத்திருக்கத் தேவையில்லை. வனக்காப்பகம் வனத்துறையிடமும், பூங்கா தேசியப் பூங்காக் கழகத்திடமும், கடற்கரை நில அலுவலகத்திடமும் ஊராட்சி மன்றத்திடமும் சிதறிக்கிடக்கும் அதிகாரத்தை ஒரே அனுமதி முகப்பில் சேர்த்து, பத்து மாவட்டங்களிலும் மாவட்டத்துக்கு ஒரு பொது முகாம்தளம் அமைக்க வேண்டும். சரிவு சோதிக்கப்பட்ட மேட்டுநிலம், ஆற்றின் வெள்ளமட்டத்துக்கு மேலே கூடாரத் திட்டுகள், கழிப்பறை, குடிநீர், மழையளவு பார்த்து ஒலிக்கும் எச்சரிக்கைச் சங்கு, உள்ளூர்க் காவலர் ஆகியவை போதும். இத்தகைய பத்துத் தளங்கள் அமைந்தால் ஜொகூரில் முகாம் மரணங்கள் குறையக்கூடும். தன் மக்களுக்கு ஓரிரவு ஆற்றங்கரையைத் தர இயலாத மாநிலத்துக்கு வருகை ஆண்டு கொண்டாடும் தகுதி இல்லை. விருந்தினரை அழைக்குமுன் வீட்டாருக்கு இடம் கொடுக்க மாநில அரசு இந்த ஆண்டே முன்வர வேண்டும்.