டவுன்ஷிப் டாக்: எந்தப் பந்துல ஆடுற?

பாஸ், ஒரு சின்ன டெஸ்ட். ஸ்போர்ட்ஸ் கடைக்குள்ள நுழைஞ்சு 'அண்ணே, ஒரு பேட் குடுங்க'னு கேக்கறீங்க. கடைக்காரர் திருப்பிக் கேக்குற முதல் கேள்வி என்ன? 'எவ்ளோ ரேஞ்சுல பாக்குறீங்க?'னு கேட்டா, அவர் பார்க்கிறது உங்க பர்ஸை. 'எந்தப் பந்துல ஆடுற?'னு கேட்டா, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. அது நல்ல கடை.

நெய்வேலி மெயின் பஜார்ல அப்படி ஒரு கடை இருக்கு. பேரைப் போட்டா 'விளம்பரமா?'னு எடிட்டர் முறைப்பார். அதனால 'அண்ணன் கடை'னே வச்சுக்குவோம். நம்ம ஊரைத் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: 1956-ல பழுப்பு நிலக்கரிக்காக கம்பெனி வந்தது, கம்பெனிக்காக டவுன்ஷிப் வந்தது. தெருவெல்லாம் மரம், வட்டத்துக்கு வட்டம் கிரவுண்டு. (வட்டம்னா ப்ளாக். அட்ரஸே 'வட்டம் இத்தனை'னுதான் எழுதுவோம்.) ஷிப்ட் முடிஞ்ச அப்பாக்களும் ஸ்கூல் முடிஞ்ச பசங்களும் ஆடித் தீர்க்கிற ஊர்ல ஸ்போர்ட்ஸ் கடைக்குக் கதைப் பஞ்சமா வரும்? மூணு சாயங்காலம் அங்கேயே டேரா போட்டு வேடிக்கை பார்த்தேன்.

முதல் நாள், அப்ரண்டிஸ் ஸ்டைபண்ட் வந்த சூட்டோட ஒரு தம்பி வந்தான்.

''அண்ணே, இங்கிலீஷ் வில்லோ பேட். காசு பிரச்னை இல்ல.''

''எந்தப் பந்துல ஆடுற?''

''கார்க் பால்ணே. சண்டே மேட்ச்.''

அண்ணன் எடுத்த பேட்டைத் திரும்ப உள்ளேயே வச்சுட்டார். ''அப்ப இது வேணாம். ஒரே மாசத்துல தெறிச்சுடும். அப்புறம் என்னையத்தான் திட்டுவ.''

விஷயம் என்னன்னா, இங்கிலீஷ் வில்லோ மரம் எடை குறைச்சல், கொஞ்சம் மெத்து. அதனாலதான் லெதர் பந்து பட்டதும் அப்படிப் பறக்குது. ஆனா நம்ம கார்க் பந்து கல்லு மாதிரி. அது பட்டா அந்த மெத்து மரம் பிளந்துக்கும். காஷ்மீர் வில்லோ கெட்டி, எடை கொஞ்சம் கூட, விலை ரொம்பக் கம்மி. தம்பிக்கு அதைத்தான் எடுத்துக் கொடுத்தார். கூடவே வகுப்பு வேற: லின்சீட் ஆயில் லேசாத் தடவு, ஊத்திக் குளிப்பாட்டாதே. மரச் சுத்தியால விளிம்புலயும் முகத்துலயும் மெதுவாத் தட்டிப் பழக்கு, எடுத்தவுடனே சிக்ஸர் அடிக்கக் கிளம்பாதே. ஈரத் தரையில அடிப்பாகத்தை ஊணாதே, தண்ணி குடிச்சு ஊதிப் போயிடும். பத்தாயிரத்தோட வந்தவன் பாதிக்கும் மேல பாக்கெட்லயே வச்சுக்கிட்டுப் போனான். அண்ணனுக்கு நஷ்டம்தான். ஆனா மறுநாளே அந்தத் தம்பி நாலு பேரைக் கூட்டிட்டு வந்துட்டான்!

அந்த நாலு பேர்ல குட்டிப் பையன் ஒருத்தன் 'எம்.ஆர்.எஃப். பேட்' கேட்டு அடம். சச்சின் பேட்ல ஒட்டியிருந்தது, அப்புறம் கோலி பேட்ல ஒட்டியிருந்தது ஒரு டயர் கம்பெனியோட ஸ்பான்சர் ஸ்டிக்கர்னு அவனுக்குப் புரிய வைக்கவே கால் மணி நேரம். பேட் செஞ்ச ஊரைத் தெரிஞ்சுக்கணும்னா ஸ்டிக்கரைப் பார்க்காதீங்க, பேக்கிங்ல இருக்கிற அட்ரஸைப் பாருங்க. பெரும்பாலும் மீரட் இல்லன்னா ஜலந்தர். பிரிவினைக்கு முன்னாடி இந்தத் தொழிலுக்குப் பேர் போன ஊர் சியால்கோட். 1947-ல அது பாகிஸ்தான் பக்கம் போக, தொழில் தெரிஞ்ச குடும்பங்கள் கைத்தொழிலை மட்டும் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்தாங்க. உங்க ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில கிடக்கிற பேட்டுக்குப் பின்னால இவ்ளோ பெரிய கதை இருக்கு மக்களே!

ரெண்டாவது நாள் ஹீரோயின் என் க்ளாஸ்மேட். கல்லூரி டீம்ல ஓப்பனிங் பேட்டர். முன்னாடி ஒரு பெரிய சிட்டி கடைக்குப் போயிருக்கா. பேட் கேட்டதும் சேல்ஸ்மேன் சிரிச்ச முகத்தோட கேட்டாராம்: ''தம்பிக்காம்மா?'' இல்ல, எனக்குத்தான்னு சொன்னதும் அவர் கை நேரா ஷட்டில் பேட் பக்கம் போயிருக்கு. அதுவும் ரோஸ் கலர்! இவ அப்படியே வெளிய வந்துட்டா.

அண்ணன் கேட்டது வேற கேள்வி: ''ரைட்டா, லெஃப்டா?'' அப்புறம் ஸ்டான்ஸ்ல நிக்கச் சொன்னார். மேல் கையால மட்டும் பேட்டைத் தூக்கிச் சுழற்றச் சொன்னார். மணிக்கட்டு தடுமாறுச்சு. 'ஷார்ட் ஹேண்டில்' சைஸ் வேணாம்னு அதுக்கு ஒரு சைஸ் சின்னதான 'ஹாரோ'வை நீட்டினார். சுழற்றினா பாருங்க, பக்கத்துல தொங்கின வலையே ஆடுச்சு. பெண்கள் கிரிக்கெட்ல பந்தோட எடையே 140-லிருந்து 151 கிராம் வரைதான், ஆண்களோடது 156-க்குக் குறையாதுங்கிறதும் அன்னிக்குத்தான் எங்க ரெண்டு பேருக்குமே தெரியும். 2025 நவம்பர் 2-ந் தேதி நவி மும்பையில நம்ம பொண்ணுங்க உலகக் கோப்பையைத் தூக்கின பிறகும் 'தம்பிக்காம்மா?'னு கேக்குற சேல்ஸ்மேன்களுக்கு... வேணாம், எடிட்டர் முறைப்பார்.

நடுவுல ஒரு ஃபிசிக்ஸ் பீரியடும் ஓடுச்சு. நைலான் ஷட்டில்ல பச்சை, நீலம், சிவப்புனு மூணு கலர் பட்டை பார்த்திருப்பீங்க. அது அழகுக்கு இல்ல, வேகத்துக்கு. பச்சை ஸ்லோ, சிவப்பு ஃபாஸ்ட். வெயில் ஊர்ல காத்தோட அடர்த்தி குறையும், தடை குறையும், ஷட்டில் கோட்டைத் தாண்டிப் பறக்கும். அதனால நெய்வேலி வெக்கைக்குப் பச்சைதான். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல எனக்குப் புரியாதது ஒரு ஷட்டில் டப்பாவுல புரிஞ்சுது!

மூணாவது நாள்தான் சீரியஸ். மந்தாரக்குப்பம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர். ''தம்பி, சின்னதா ஒரு துப்பாக்கி வேணும்ப்பா. பறவை சுடற மாதிரி.''

''என்ன பறவைங்கய்யா?''

''மயிலுதான். மல்லாட்டையைப் பூரா தோண்டித் தின்னுடுதுப்பா.''

ஏர் கன் கண்ணாடி அலமாரியிலேயே இருக்கு. 0.177 அங்குல வாய், 20 ஜூலுக்கு மேல போகாத சக்தி, இந்த ரெண்டுக்கும் உள்ள அடங்கினா லைசென்ஸ் வேணாம்னு சட்டம் சொல்லுது. (அரை கிராம் குண்டு நொடிக்கு 170 மீட்டர் வேகத்துல போனா சுமார் 7 ஜூல். பாதி எம் வி ஸ்கொயர், நீங்களே போட்டுப் பாருங்க.) எடுத்துக் கொடுத்து காசை வாங்கிப் போட்டிருக்கலாம். அண்ணன் மாட்டேன்னுட்டார்.

''அய்யா, துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேணாம். ஆனா மயிலைச் சுட்டா குறைஞ்சது மூணு வருசம் உள்ள. ஏழு வரைக்கும் போகும்.'' உண்மைதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு மயில்.

பெரியவருக்குக் கோபம். ''அப்ப என் வெள்ளாமைக்கு எந்த அட்டவணைப்பா?''னு ஒரு கேள்வி கேட்டார். கடையே கப்சிப். எனக்கும் இதுவரைக்கும் பதில் கிடைக்கல. அண்ணன் வீட்டுக்கு ஆள் அனுப்பி ஒரு அட்டைப் பெட்டி வரவழைச்சார். உள்ள பழைய ஆடியோ கேசட்டுங்க. ''டேப்பை உருவி குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டுங்க. காத்துல 'ஙொய்ய்'னு சத்தம் வரும், வெயில்ல மின்னும். கொஞ்ச நாளைக்குக் கிட்ட வராது. பழகிடுச்சுன்னா இடத்தை மாத்திக் கட்டுங்க.'' காசு வாங்கல.

அதே அலமாரிக்கு வந்த இன்னொரு கஸ்டமர், பள்ளிக்கூட யூனிஃபார்மோட ஒரு பொண்ணு, கூட அப்பா. பேப்பர் டார்கெட்டுக்குக் குண்டு வேணுமாம். கடையில இருந்தது கூர்முனைக் குண்டு. ''இது அட்டையைக் கிழிக்கும்மா. மார்க் எங்க விழுந்துச்சுனே தெரியாது. தட்டைத் தலைக் குண்டுதான் வட்டமா ஓட்டை போடும். என்கிட்ட இல்ல, சென்னையில வாங்கிக்கோ''னு அனுப்பிட்டார். அவங்க போனதும் சொன்னார்: ''இளவேனில் எந்த ஊரு, தெரியும்ல?'' இளவேனில் வாலறிவன் 1999-ல பொறந்தது நம்ம கடலூர்ல. வளர்ந்தது அகமதாபாத். 2019-ல ரியோ உலகக் கோப்பையில தங்கம், அப்புறம் டோக்கியோ, பாரிஸ்னு ரெண்டு ஒலிம்பிக். அவர் சுடற 10 மீட்டர் டார்கெட்ல நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். நீங்க படிக்கிற இந்தப் பக்கத்துல இருக்கிற முற்றுப்புள்ளி மாதிரி!

இனி ஒரு குட்டு. ஷூவைக் கடையில போட்டு நடந்து பார்த்து, சைஸைக் குறிச்சுக்கிட்டு, வாசப்படி தாண்டுறதுக்குள்ள மொபைல்ல ஆர்டர் போடற கூட்டம் ஒண்ணு இருக்கு. யாரைச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும். மூணு நாள்ல அஞ்சு பேரைப் பார்த்தேன். அண்ணன் கண்டுக்கறதே இல்ல. ஆன்லைன்ல வாங்கின ஷட்டில் பேட்டெல்லாம் நரம்பு அறுந்ததும் 'கட்டிங்' போட இங்கதானே வரணும்? (சீ, சீ, நீங்க நினைக்கிற கட்டிங் இல்ல, பேட்டுக்கு நரம்பு பின்றது!) ஒருத்தன் '30 பவுண்டு இழுங்கண்ணே'னு கெத்தா சொன்னான். 'தோள்பட்டை என்னாகும் தெரியுமா?'னு 23-ல நிறுத்திக் கொடுத்தார்.

அண்ணனுக்கு இருக்கிற கவலை வேற. கம்பெனியில ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். காலி பண்றவங்க ஊரையே காலி பண்றாங்க. அன்னிக்கு சாயங்காலமும் ஒருத்தர் வந்தார், ஸ்கூட்டர் பின்னாடி பெரிய கேரம் போர்டைக் கட்டிக்கிட்டு. பசங்க சின்ன வயசுல இங்க வாங்கினது. புது வீட்டுல இடம் இல்லையாம். அண்ணன் போர்டுல ஒரு ஸ்ட்ரைக்கரை விட்டுப் பார்த்தார். நாலு பாக்கெட் வலையையும் புதுசா மாட்டினார். போரிக் பவுடர் தூவி கடை வாசல்லயே வச்சுட்டார். விற்பனைக்கு இல்லையாம், யார் வேணா ஆடலாமாம். ரிட்டயர்டு சார் கிளம்பவே இல்ல. இருட்டற வரைக்கும் டீக்கடைப் பையனோட ரெண்டு போர்டு ஆடி, ரெண்டுலயும் தோத்தார்.

கேரம் இன்னும் வாசல்லதான் இருக்கு. செமஸ்டர் லீவுக்கு வர்றவங்க கவனிக்க: மத்தியானம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் கடை பூட்டு. ரெட் காயின் ஒண்ணு குறையுது, கையோட கொண்டு வாங்க!