பயிற்சி மேஸ்திரிக்கு மட்டுந்தானா?

தொழிற்சாலைகளிலும் காரியாலயங்களிலும் மேற்பார்வை செய்வோருக்குத் தலைமைப் பயிற்சி அளிப்பது இப்போது எங்கும் வழக்கமாகிவிட்டது. இரண்டு நாள் ஒரு விடுதியில் கூட்டி வைத்து, உபந்நியாசங்கள் செய்வித்து, ஆளுக்கொரு சான்றிதழும் கொடுத்து அனுப்பிவிட்டால், திங்கட்கிழமை முதல் அவர்கள் தொழிலாளியிடம் பேசும் குரலே மாறிவிடும் என்று நிர்வாகிகள் எதிர்பார்க்கிறார்கள். குரல் மாறுவதும் உண்டு. எத்தனை நாளைக்கு என்பதே நமது கேள்வி.

இதற்கு விடை கிடைத்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அமெரிக்காவில் விவசாய யந்திரங்கள் செய்துவந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி, சிகாகோவில் ஒரு பாடசாலை வைத்து, தொழிலாளரிடம் பரிவோடு நடந்துகொள்ளும் முறையைத் தன் மேஸ்திரிகளுக்குப் போதித்து வந்தது. ஒஹையோ ராஜ்ய சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வின் ஃபிளீஷ்மன் அப்பயிற்சியின் பலனை அளந்து, 1953-இல் வெளியிட்டார். பாடசாலையை விட்டு வெளிவரும்போது மேஸ்திரிகளின் மனம் மெய்யாகவே இளகியிருந்தது. ஆனால் ஆலைக்குத் திரும்பியபின் அவ்விளக்கம் நிலைக்கவில்லை; பயிற்சி பெறாதவர்களைவிடப் பெற்றவர்கள் எவ்விதத்திலும் மேலாகக் காணப்படவில்லை. பின் யாரிடம் பரிவு இருந்தது? பரிவுள்ள மேலதிகாரியின் கீழ் வேலை செய்த மேஸ்திரியிடம் இருந்தது! எந்த ஆலைத் தொழிலாளியைக் கேட்டிருந்தாலும் ஆராய்ச்சியின்றியே இதைச் சொல்லியிருப்பான்.

மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பார்கள். மேலிருந்து கணக்குக் கேட்டு அதட்டல், கீழிருந்து முணுமுணுப்பு. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பவனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வந்தவன் மாறவில்லையென்று அவன்மீதே குறை சொல்வது நியாயமாகாது.

யுத்த காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்க அரசாங்கமே 16 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இத்தகைய பயிற்சி அளித்தது. யுத்தம் முடிந்ததும் அந்த இலாகா கலைக்கப்பட்டது. ஆலைகளும் பாடத்தை மறந்தன. தோற்ற ஜப்பானோ அதே பாடத்தைக் கற்று, அன்றாட வேலையின் அங்கமாக்கிக்கொண்டது. டொயோடா ஆலைகள் அதற்குச் சாட்சி.

அப்பாடம் அமெரிக்காவுக்குத் திரும்பி வந்த கதையே நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. காலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, ஓயாத தகராறுக்குப் பெயர்போனது, 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோடாவின் கூட்டோடு அது திறக்கப்பட்டபோது, வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளரே. சங்கமும் பழைய சங்கமே. குழுத் தலைவர்கள் ஜப்பான் சென்று, ஆலையில் தோளோடு தோள் நின்று கற்றார்கள். அவர்கள் திரும்பி வந்த இடமும் அதற்கேற்ப மாறியிருந்தது. குறை கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் உதவிக்கு வருவார். குறை தீராவிடில் உற்பத்தி வரிசையே நிற்கும். பழைய நிர்வாகத்தில் வரிசையை நிறுத்துவது பெருங்குற்றம்! இரண்டொரு ஆண்டுகளில் அவ்வாலையின் மோட்டார் வண்டிகள் தரத்தில் முன்வரிசைக்கு வந்தன.

இதைக் கற்றுவர ஜெனரல் மோட்டார்ஸ் தன் மானேஜர்களையும் அங்கு அனுப்பியது. கற்றவர்கள் திரும்பிச் சென்ற ஆலைகளிலோ, நாளொன்றுக்கு இத்தனை வண்டி என்ற பழைய கணக்கே ஆட்சி செய்தது. வான் நைஸ் ஆலையில் செய்த முயற்சி பலிக்கவில்லை. 1992-இல் அதுவும் மூடப்பட்டது. நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரே மாகாணத்தில், ஒரே கம்பெனியின் இரு ஆலைகள்!

பயிற்சிக்குப் பணம் செலவிடுவதை நாம் எதிர்க்கவில்லை. அடுத்தமுறை நிர்வாகத்தோடு பேச உட்காரும் தொழிற்சங்கத்தார் இவற்றைக் கேட்கட்டும்: அந்தப் பெஞ்சில் முதலில் உட்கார்ந்தவர் மானேஜரா? தொழிலாளி சொன்ன குறையைக் கேட்டு வேலையை நிறுத்திய மேஸ்திரிக்கு அவ்வருஷம் உத்தியோக உயர்வு கிடைத்ததா, ‘மெமோ’ கிடைத்ததா? பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழித்து, அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று அவன் கீழ் வேலை செய்பவர்களை யாராவது விசாரித்தார்களா?