பஞ்சுக்குக் கணக்கு உண்டு, தொற்றுக்கு?

குடல்வால் ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. நாலாம் நாள் காய்ச்சல். தையல் போட்ட இடத்தில் சீழ். "நல்லாத்தானே இருந்தார்?" என்று வீட்டார் பதறுகிறார்கள். "அது அவர் உடம்பு வாகு" என்று பதில் வருகிறது.

எப்போதும் உடம்பு வாகு அல்ல. ஆஸ்பத்திரியே கொடுத்த நோயாகவும் இருக்கலாம்!

சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் தொற்றைப் பொதுவாக ஆஸ்பத்திரித் தொற்று என்கிறார்கள் டாக்டர்கள். சிறுநீர் டியூப், டிரிப்ஸ் ஊசி, மூச்சுக் கருவி, ஆபரேஷன் காயம் இவையே கிருமி நுழையும் வாசல்கள். அதைக் கட்டிலுக்குக் கட்டில் சுமந்து போவது பெரும்பாலும் கழுவாத கை.

பணக்கார நாடுகளில் 100 நோயாளிகளில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும் இப்படித் தொற்றுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அறிவித்தது. தொற்றியவர்களில் பத்தில் ஒருவர் பிழைப்பதில்லை.

தடுக்க முடியாதா? முடியும். 1847-ல் வியன்னா பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டர் செம்மல்வைஸ் சாவுக் கணக்கைப் பார்த்தார். மருத்துவச்சிகள் வார்டில் குறைவு. டாக்டர்கள் வார்டில் அதிகம். டாக்டர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, சில மாதத்தில் 2 ஆக இறங்கியது. கணக்குதான் காரணத்தைக் காட்டிக் கொடுத்தது.

அமெரிக்காவில் 1985-ல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது. முறையாகக் கண்காணித்துத் தடுத்த ஆஸ்பத்திரிகளில் தொற்று சுமார் 32 சதவீதம் குறைந்தது. இங்கேயும் டெல்லி எய்ம்ஸ் முன்னின்று, பல ஆஸ்பத்திரிகள் ஒரே முறையில் கணக்கு எடுக்கின்றன. ஆகவே "நம்மால் ஆகாது" என்ற பேச்சு செல்லாது.

"கணக்கு எடுத்தால் பேர் கெட்டுப்போகும்" என்ற பயம் சில நிர்வாகங்களுக்கு. எண்ணுகிற இடத்தில் எண்ணிக்கை தெரியத்தான் செய்யும். எண்ணாத இடத்தில் பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யம் சுத்தத்துக்குச் சான்று ஆகுமா?

நர்சுகள் மேல் பழி போட்டும் பயனில்லை. ஒருவரே நாற்பது கட்டிலைப் பார்த்தால், வார்டில் குழாயும் இல்லாவிட்டால், எப்படிக் கை கழுவுவார்? ஆள் வேண்டும். தண்ணீர் வேண்டும். சோப்பு வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆனாலும், மாதாமாதம் தொற்றுக் கணக்கை எடுத்து வாசலில் போர்டில் எழுதிப் போடட்டும். உண்மையைச் சொன்னவருக்குத் தண்டனை வேண்டாம். மறைத்தவரை விடவும் வேண்டாம்.

பில்லில் பஞ்சுக்குக்கூடக் கணக்கு எழுதுகிறார்கள். உயிர் போகும் தொற்றுக்கு மட்டும் கணக்கு இல்லை என்றால் எப்படி?