சிங்கம் தனியாக வருவதில்லை



சிங்கம் கூட்டமாக வராது, தனியாகத்தான் வரும் என்ற கருத்து 2007-ஆம் ஆண்டு 'சிவாஜி' திரைப்படம் வெளிவந்த பிறகு நம்மவரிடையே ஏறத்தாழ ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. இளைஞர்களின் சட்டைகளிலும் மகிழுந்துகளின் பின்கண்ணாடிகளிலும் பிடரி சிலிர்த்த ஒற்றைச் சிங்கத்தைக் காண்கிறோம். வீட்டிலே தந்தையர் மகனைச் 'சிங்கக்குட்டி' என்று கொஞ்சுகின்றனர். அதில் தவறேதும் இல்லை. ஆயினும், நம் பிள்ளைகள் அந்த விலங்கைப் பற்றி அறிந்திருப்பது அரைகுறைச் செய்தி. அரைகுறை அறிவு வகுப்பறைக்கு வெளியே என்ன செய்கிறது என்பதை ஆசிரியர்களும் பெற்றோர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் உண்மையைப் பார்ப்போம். பூனைக் குடும்பத்தில் ஆணும் பெண்ணும் குட்டிகளுமாகக் கூடி வாழும் விலங்கு சிங்கம் ஒன்றே. ஆண் சிங்கங்களும் பெரும்பாலும் தனித்து ஆள்வதில்லை. இரண்டு, மூன்று, சில வேளைகளில் ஆறேழு ஆண்கள் ஒன்று சேர்ந்து ஒரு நிலப்பரப்பைக் காக்கின்றன. தனியாகத் திரியும் ஆண் சிங்கம் வீரத்தால் தனித்திருக்கவில்லை. ஒன்று, அது தோற்று விரட்டப்பட்டதாக இருக்கும். அல்லது அதற்குக் கூட்டாளி கிடைக்காமல் இருக்கும்.

தான்சானியாவின் செரங்கெட்டிப் புல்வெளியில் 1966-இல் ஜார்ஜ் ஷாலர் தொடங்கிய சிங்க ஆய்வைப் பின்னர் கிரேக் பாக்கர், ஆன் பியூசி முதலியோர் பல்லாண்டுகள் தொடர்ந்தனர். ஆண் குட்டி இரண்டு, மூன்று வயதை அடைந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேற்றப்படுகிறது. அதன்பின் அது நாடோடி. உடன்பிறந்தவை இருந்தால் அவற்றோடு சேர்ந்து திரியும். இல்லையேல் வழியில் சந்திக்கும் வேறொரு நாடோடியோடு சேரும். நான்கும் அதற்கு மேலும் உள்ள பெருங்கூட்டணிகள் உறவினராலேயே அமைகின்றன. இரண்டு, மூன்று கொண்ட சிறு கூட்டணிகளில் உறவல்லாதவையும் இடம்பெறுகின்றன. வளர்ந்து வலிமை பெற்ற பிறகு, ஆளும் ஆண்களை எதிர்த்துப் போரிட்டு அவற்றின் இடத்தைக் கைப்பற்ற முயல்கின்றன. அவ்வாறு பெற்ற ஆட்சியும் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளே நீடிக்கிறது. அதற்குள் அடுத்த கூட்டணி எல்லையில் வந்து நிற்கும்.

இந்த இரண்டாம் பகுதியைத்தான் இன்று நம் மாணவர்கள் கைப்பேசியில் காண்கின்றனர். தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட் காட்டுப் பகுதியை 2006 முதல் ஆண்ட 'மாபோகோ' என்னும் ஆறு ஆண் சிங்கங்களைப் பற்றிய காணொளிகள் வலையொளியில் குவிந்து கிடக்கின்றன. அந்நாட்டில் குற்றவாளிகளைத் தாங்களே பிடித்துத் தண்டித்துவந்த ஒரு தனியார் காவல் குழுவின் பெயரைத்தான் அச்சிங்கங்களுக்கு வைத்தார்கள். ஓய்வு நேரத்தில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் அவற்றின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, எது எதைக் கொன்றது என்று விவாதிப்பதை நான் கேட்டிருக்கிறேன். பின்னணியில் முரசு முழங்க, "ஆறு சகோதரர்கள் ஒரு காட்டையே நடுங்க வைத்தனர்" என்ற பாணியில் சொல்லப்படும் கதை எந்தச் சிறுவனைத்தான் ஈர்க்காது?

ஆனால், அக்கதையின் முடிவை யாரும் இசையமைத்துச் சொல்வதில்லை. 2010-இல் 'மாஜிங்கிலானே' என்னும் இளைய கூட்டணி அப்பகுதிக்குள் நுழைந்து ஆறில் ஒன்றைக் கொன்றது. 2012-இல் வேறொரு கூட்டணியின் கையில் இன்னொன்று மாண்டது. அவ்வாண்டு முடிவதற்குள் ஆட்சி முற்றாக மறைந்தது. காட்டையே நடுங்க வைத்ததன் மொத்தக் காலம் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். ஒரு பிள்ளை முதலாம் ஆண்டில் சேர்ந்து ஆறாம் ஆண்டை முடிக்கும் காலம் அது.

ஆட்சி மாறும்போது யார் சாகிறார்கள் என்பதையும் அக்காணொளிகள் விரைந்து கடந்துவிடுகின்றன. புதிதாக வரும் ஆண்கள் முன்னவற்றின் குட்டிகளைக் கொல்கின்றன. குட்டியை இழந்த தாய் விரைவில் மீண்டும் கருவுறும்; தமக்குக் கிடைக்கும் குறுகிய ஆட்சிக் காலத்திற்குள் தம் வாரிசு பிறக்க வேண்டும் என்பதே அச்செயலின் பின்னுள்ள இயற்கைக் கணக்கு. செரங்கெட்டியில் முதலாண்டிலேயே இறக்கும் குட்டிகளில் கால் பங்குக்கு இதுவே காரணம் என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். சண்டை பெரியவர்களுக்கிடையே, இழப்போ குட்டிகளுக்கு.

சிங்கத்தின் முழக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். அது எட்டுக் கிலோமீட்டர் வரை கேட்கும். "நாங்கள் இங்கே இருக்கிறோம்" என்று தொலைவிலேயே அறிவித்துச் சண்டையைத் தவிர்ப்பது அதன் பயன்களுள் ஒன்று. கேரன் மக்கோம்பும் அவர்தம் குழுவினரும் பதிவு செய்த முழக்கங்களை ஒலிபரப்பிச் சோதித்து, 1994-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். அந்நியக் குரல் ஒன்றானால் பெண் சிங்கங்கள் எதிர்த்துச் செல்கின்றன. குரல்கள் மூன்றானால் தம் எண்ணிக்கையை எடைபோட்டுத் தயங்குகின்றன. எண்ணிப் பாராமல் பாய்வது சிங்கத்தின் இயல்பே அன்று!

இந்தியாவில் குஜராத்தின் கீர் காட்டிலும் இக்கூட்டணி வாழ்வு உண்டு. 2025-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் குஜராத் மாநிலத்தில் 891 சிங்கங்கள் இருந்தன. இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஸ்தோத்ர சக்ரவர்த்தியும் ஜாலாவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, கூட்டணிக்குள்ளேயும் சமத்துவம் இல்லை என்று காட்டியது. இணைசேரும் வாய்ப்புகளில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் தலைமை ஆணுக்கே செல்கிறது. இரையிலும் அதற்கே பெரும் பங்கு. தனித்திருப்பதைவிட இது மேல் என்பதால் மற்றது உடனிருக்கிறது. 'அண்ணன் தம்பி' என்ற சொல்லுக்குப் பின்னால் யார் உண்கிறார், யார் காயப்படுகிறார் என்ற கணக்கு ஒன்று எப்போதும் இருக்கிறது.

இவற்றையெல்லாம் தொலைதூரத்துச் செய்தி என்று தள்ளிவிட வேண்டா. கோல சிலாங்கூரின் புக்கிட் மலாவத்திக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லாத பள்ளி நம் வட்டாரத்தில் இல்லை எனலாம். அங்கே பிள்ளைகள் கடலையும் காய்கறியும் கொடுத்து மகிழும் சாம்பல்நிற லோத்தோங் குரங்குகளிடமும் இதுபோன்றதொரு வழக்கம் உண்டு. ஓர் ஆணும் பல பெண்களும் குட்டிகளும் ஒரு கூட்டம். வெளியிலிருந்து வரும் ஆண் பழைய தலைவனை விரட்டிவிட்டு இடத்தைப் பிடிப்பதையும், அப்போது கைக்குழந்தைகள் மறைந்து போவதையும் 1970-களிலேயே ஆய்வாளர்கள் அக்குன்றில் பதிவு செய்துள்ளனர். தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டிருக்கும் அந்தச் செம்மஞ்சள் நிறக் குட்டியைக் காட்டி ஓர் ஆசிரியர் பத்து நிமிடம் பேசினால், 'விலங்குகளிடையே போட்டி' என்ற அறிவியல் பாடம் பிள்ளைகளின் மனத்தில் ஆழமாகப் பதியும்.

"தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் இவ்வளவு கொடுமையைச் சொல்லலாமா?" என்று சில பெற்றோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால், பிள்ளைகள் கொடுமையை ஏற்கெனவே பார்த்துவிட்டனர். அவர்கள் பார்க்காதது அதன் காரணமும் விளைவும்தான். அவற்றைச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. இன்னொன்றும் கூறவேண்டும்: சிங்கம் செய்வதால் மாந்தனும் செய்யலாம் என்றோ, செய்யக்கூடாது என்றோ நான் வாதிடவில்லை. விலங்குக்கு அறம் இல்லை, நமக்கு உண்டு. ஆனால், விலங்கின் பெயரால் நம் சிறுவர்களுக்கு ஒரு பொய்யான வீரம் விற்கப்படும்போது அதை மறுக்க விலங்கின் உண்மை வரலாறே போதும்.

யார் விற்கிறார்கள்? வெளிப்படையாகவே பேசுவோம். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களைச் சட்டவிரோதமானவை என்று அறிவித்தது. அப்போது வெளியான கணக்கின்படி, உறுப்பினர்கள் ஏறத்தாழ 40,000 பேரில் பத்தில் எழுவர் இந்தியர். மக்கள் தொகையில் பத்தில் ஒருவராகக்கூட இல்லாத சமூகம் நாம். அந்தக் கும்பல்களுக்கும் 'இடம்' உண்டு, எல்லை உண்டு, அடையாளம் உண்டு, 'அண்ணன் தம்பி' உறவும் உண்டு.

இங்கே கீர் காடு நமக்கு இன்னொரு பாடம் வைத்திருக்கிறது. 2018 செப்டம்பரில் அக்காட்டின் ஒரு பகுதியில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மாண்டன. எல்லைச் சண்டையே பல இறப்புகளுக்குக் காரணம் என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டது. நம்புவதற்கு எளிதான விளக்கம் அது. சிங்கங்கள் சண்டையிடுவது இயல்புதானே! ஆனால், ஆய்வுக்கூடச் சோதனை வேறொன்றைச் சொன்னது. நாய்களிடம் காணப்படும் டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோய் பரவியிருந்தது. 1994-இல் செரங்கெட்டிச் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கை அழித்த அதே நோய். நோய் என்று உணர்ந்த பிறகுதான் எஞ்சிய சிங்கங்களைத் தனிமைப்படுத்தினர், தடுப்பூசியும் வரவழைத்தனர்.

நம் இளைஞன் ஒருவன் வெட்டுண்டு இறந்தால், "கும்பல் தகராறு" என்ற இரண்டு சொற்களோடு நாளேட்டை மடித்து வைத்துவிடுகிறோம். சண்டை கண்ணுக்குத் தெரிகிறது, நோய் தெரிவதில்லை. பால்மரம் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புப் பகுதியாகி, தோட்ட மக்கள் நாலா திசையும் சிதறினர். ஆலயம், திடல், பள்ளி, ஒரே வரிசை வீடுகள் என்று பிள்ளைகளைச் சுற்றி நின்ற வேலி கலைந்தது. நோயின் வேர்களுள் ஒன்று அங்கே இருக்கிறது.

அந்நோய் பற்றிக்கொள்ளும் வயதும் நமக்குத் தெரியும். பதின்மூன்று வயது. சில பத்து மாணவர்களே உள்ள தமிழ்ப்பள்ளியில் எல்லாருக்கும் பெயர் தெரிந்த பிள்ளையாக இருந்தவன், ஆயிரம் பேர் பயிலும் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பிலோ முதலாம் படிவத்திலோ ஒரு மூலையில் உட்காருகிறான். மொழி தடுமாறுகிறது. பழைய நண்பர்கள் வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரிந்துவிட்டனர். கூட்டத்தை விட்டு வெளியேறிய இளஞ்சிங்கத்தைப் போல, துணைக்கு வரும் முதல் ஆளை அவன் ஏற்றுக்கொள்கிறான். அந்த முதல் ஆள் யார் என்பதே கேள்வி. "தனியாக நில், நீ சிங்கம்" என்று சொல்லி அனுப்பப்பட்ட சிறுவன்தான் கும்பலுக்கு எளிதாக வசப்படுவான் என்பது என் உறுதியான கருத்து.

எனவே, மூன்று செயல்களை முன்வைக்கிறேன்.

1. நான்கு எருதுகளும் சிங்கமும் கதையை நாம் ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். அதனோடு சிங்கத்தின் உண்மைக் கதையையும், குட்டிகளின் முடிவு உட்பட, படிநிலை இரண்டு மாணவர்களுக்குச் சொல்வோம். ஒற்றுமை நன்று, எதற்கான ஒற்றுமை என்று கேட்கவும் பழக்குவோம்.

2. ஆறாம் ஆண்டு முடியும்போது, எந்தப் பிள்ளை எந்த இடைநிலைப்பள்ளிக்குச் செல்கிறான் என்று பட்டியலிட்டு, அங்கே ஏற்கெனவே பயிலும் நம் முன்னாள் மாணவர் இருவரை அவனுக்குத் துணையாகச் சேர்த்துவிடுவோம். பள்ளி திறந்த முதல் மூன்று மாதங்கள் மிக இன்றியமையாதவை. ஆசிரியர் ஒருவர் மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசினாலே போதும்.

3. பெற்றோர்களே, மகன் யாரோடு பள்ளிக்குச் செல்கிறான், யாரோடு உண்கிறான் என்று கேளுங்கள். தேர்வுப் புள்ளிகளைக் கேட்பதற்கு முன் அதைக் கேளுங்கள்.

இவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை. மானியம் வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. சிங்கமே தனியாக வாழ முடியாதபோது, பதின்மூன்று வயதுப் பிள்ளை தனியாக நிற்பான் என்று எதிர்பார்ப்பது எவ்வகையில் அறிவுடைமை ஆகும்? அவனுக்கு ஒரு கூட்டணி கட்டாயம் அமையும். அதை நாம் அமைக்கப் போகிறோமா, அல்லது தெருமுனையில் நிற்பவனிடம் விட்டுவிடப் போகிறோமா?

சிந்திப்போம், இவ்வாண்டே தொடங்குவோம்.