குதிரைக்கு நோய், வண்டிக்காரனுக்குத் தண்டனையா?

உத்தரப் பிரதேசத்துச் செங்கற்சூளைகளில் பச்சைக் கல்லை இழுத்துச் செல்பவை குதிரையும் கோவேறு கழுதையும்தான். அந்த ஒரு பிராணிதான் வண்டிக்காரன் குடும்பத்துக்குச் சொத்து, அதுவே சோறு. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் சுமார் 3.4 லட்சம். கழுதைகள் சுமார் 1.2 லட்சம். கோவேறு கழுதைகள் சுமார் 84 ஆயிரம். இவற்றில் சீமான்களின் பந்தயக் குதிரைகள் சொற்பமே. மற்றவை பெரும்பாலும் ஏழையோடு சேர்ந்து உழைப்பவை.

இவற்றைத் தாக்கும் கொடிய நோய் கிளாண்டர்ஸ். மூக்கில் சீழ் வடியும்; தோலிலும் நுரையீரலிலும் கட்டிகள் கிளம்பும். ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தாலே பரவும். பராமரிக்கும் மனிதனையும் தொற்றி உயிரைக் குடிக்கக்கூடியது. தடுப்பூசி கிடையாது. ரத்தச் சோதனையில் உறுதியானால் பிராணியைக் கொன்று ஆழப் புதைப்பதுதான் வழி.

1899-லேயே வெள்ளைக்கார சர்க்கார் இதற்கென்று தனிச் சட்டம் போட்டது. 2009-இல் வந்த புதிய சட்டம் அதை நீக்கிவிட்டு, நோய்க்குறி கண்டால் உடமையாளர் உடனே அறிவிக்க வேண்டும் என்கிறது. ரத்தத்தைச் சோதிக்க ஹரியானாவில், ஹிஸாரில், தேசிய குதிரை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது, சோதனைச்சாலை இருக்கிறது. ஆயினும் 2006-இல் மகாராஷ்டிரத்தில் மீண்டும் தலைதூக்கிய நோய், பிறகு பல மாநிலங்களில் தென்பட்டது. ஏன்?

“படிக்காதவர்கள் மறைக்கிறார்கள்” என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நாம் கேட்கிறோம்: அறிவித்தால் அவனுக்குக் கிடைப்பது என்ன? இன்று சொன்னால் நாளை குதிரை குழியில். நாளை மறுநாள் அடுப்பில் பூனை. நஷ்டஈடு விதியில் உண்டு, உண்மைதான். ஆனால் காகிதத்திலுள்ள ரூபாயில் அரிசி வாங்க முடியுமா? பசிக்குப் பயந்தவன் நோயை மறைப்பான். நோயுற்ற குதிரையைச் சந்தையில் தள்ளிவிடவும் துணிவான். அப்புறம் எத்தனை சோதனைச்சாலை இருந்து என்ன பயன்?

ஆகவே சர்க்காரை வற்புறுத்துகிறோம். பிராணியைக் கொல்லும் அன்றே, புதிய பிராணி வாங்கப் போதுமான நஷ்டஈட்டை உடமையாளர் கையில் கொடு! கால்நடை வைத்தியரைச் சூளைக்கும் சந்தைக்கும் அனுப்பி, ஒழுங்காக ரத்தம் எடுக்கச் செய்! குதிரையோடு புழங்கும் தொழிலாளியையும் செலவின்றிப் பரிசோதி!

தோழர்களே, நம் ஊரில் குதிரை வண்டி அருகிவிட்டதே, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். ஆலையில் இருமும் தொழிலாளி, கூலி போய்விடுமென்று அஞ்சி வியாதியை மறைப்பதை நாம் கண்டதில்லையா? இங்கும் அதே கதைதான். உண்மையைச் சொன்னவன் பட்டினி கிடக்கக்கூடாது. இதை உறுதி செய்யாமல் எந்தத் தொற்றுநோயையும் எந்த சர்க்காரும் தடுத்துவிட முடியாது.