கீமோவுக்குப் பிறகு காய்ச்சலா? விடியட்டும்னு காத்திருக்காதீங்க

‘கீமோன்னா அப்படித்தான் இருக்கும்.’ புற்றுநோய் சிகிச்சை நடக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஆறுதல் இது. முடி கொட்டுவதற்கும் நாக்கில் ருசி போவதற்கும் சரி. காய்ச்சலுக்கு இது சரியே இல்லை.

கீமோ மருந்து எலும்பு மஜ்ஜையில் வேகமாகப் பெருகும் செல்களையும் சேர்த்தே அடிக்கிறது. பல மருந்துகளில், ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள் நியூட்ரோபில் எனும் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போய்விடும். கிருமியோடு முதலில் மோதுபவை இவைதான். இவை குறைந்திருக்கும்போது சீழோ வீக்கமோ இருமலோ தெரியாமல் போகலாம். பல நேரம் காய்ச்சல் மட்டுமே அறிகுறி. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அது எமர்ஜென்சி. தொற்று ரத்தத்தில் பரவினால் சில மணி நேரத்திலேயே பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் கொடுக்கச் சொல்கின்றன மருத்துவ வழிகாட்டுதல்கள்.

நம்ம ஊர்ச் சிக்கல் தூரம். கீமோ ஏற்றுவது சென்னையிலோ மதுரையிலோ. காய்ச்சல் வருவது ஊர் திரும்பிய பத்தாம் நாள் ராத்திரி. ‘லேசா சூடா இருக்கு, நீ தூங்குப்பா’ என்று அம்மா போனை வைத்துவிடுவார். ஒரு பாராசிட்டமால் போட்டால் சூடு இறங்கும், தொற்று இறங்காது. தெர்மாமீட்டரில் பார்க்கும் முன்பே மாத்திரை போட்டால், காய்ச்சல் இருந்ததே தெரியாமல் போகும்.

கீமோ கொடுத்த ஆஸ்பத்திரிக்கு உடனே போன் செய்ய வேண்டும். அது தூரம் என்றால், எமர்ஜென்சி வார்டு உள்ள பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வண்டி இல்லையென்றால் 108. அங்கே சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: ‘கீமோ நடக்குது, கடைசி டோஸ் இந்தத் தேதி.’ இதைச் சொல்லாவிட்டால் சாதாரண வைரல் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடும் வாய்ப்பு அதிகம். ஃபைலும் கையில் இருக்கட்டும்.

வயதானவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் காய்ச்சலே வராமலும் போகலாம். உடல் நடுங்கினாலோ பேச்சு குழறினாலோ மூச்சு வாங்கினாலோ தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காத வாந்தியும், வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் போகும் பேதியும் போன் செய்ய வேண்டிய விஷயங்களே.

டிஸ்சார்ஜ் சம்மரியில் அடுத்த டோஸ் தேதியோடு, ராத்திரி 2 மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதும் இருக்க வேண்டும். அதைத் தருவது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. இல்லையென்றால், முதல் கீமோ அன்றே கேட்டு வாங்கி, வீட்டில் எல்லோருடைய போனிலும் சேவ் செய்துவிட வேண்டும்.