டயருக்கும் வயது உண்டு

மாவனல்லையில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் வெளிநாட்டில் தொழில் பார்க்கிறார். வீட்டில் 2014 இல் வாங்கிய சுசுகி ஆல்டோ 800 கார் ஒன்று. பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவதும், கடைத்தெருவுக்குப் போய் வருவதும், மாதத்தில் ஒரு தடவை பேராதனையில் இருக்கும் உம்மாவைப் பார்த்து வருவதும்தான் அதன் ஓட்டம். இத்தனை வருடத்தில் 40 ஆயிரம் கிலோமீற்றரைக் கூடத் தொடவில்லை. அண்மையில் சேர்விசுக்குக் கொண்டுபோன இடத்தில் கராஜ் பாஸ், "நாலு டயரையும் மாத்திப் போடுங்க தாத்தா" என்று சொல்லிவிட்டாராம். "டயரின் வெட்டுகள் எல்லாம் நல்ல ஆழமாகத்தான் இருக்கின்றன. வீட்டில் ஆம்பிளை இல்லை என்று தெரிந்துகொண்டு சொல்கிறாரோ?" என்று கேட்கிறார் சகோதரி.

சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அந்த பாஸ் பொய் சொல்லவில்லை. சகோதரி தம் கடிதத்திலேயே விடையையும் எழுதி அனுப்பியிருக்கிறார். டயரின் பக்கவாட்டில் 3314 என்று ஓர் இலக்கம் இருந்ததாம். அது என்ன என்று பாஸ் விளக்கவில்லை போலும்.

எந்த டயரை எடுத்துப் பார்த்தாலும் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற மூன்று எழுத்துகளும், அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட குறியீடும் இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள்தான் அந்த டயரின் பிறந்த திகதி. முதல் இரண்டும் கிழமை, அடுத்த இரண்டும் வருடம். 3314 என்றால் 2014 ஆம் ஆண்டின் 33 ஆவது கிழமையில் செய்த டயர். அதாவது கார் கம்பனியில் இருந்து வந்தபோது பூட்டியிருந்த அதே டயர். பத்து வயதையும் தாண்டிவிட்டது. (மூன்று இலக்கம் மாத்திரம் இருந்தால் அது 2000 ஆம் ஆண்டுக்கு முந்திய டயர். அதைக் கிணற்றடியில் பூச்செடி நடப் பாவிக்கலாம்.) சில டயர்களில் இந்த முழுக் குறியீடு ஒரு பக்கத்தில்தான் இருக்கும். வெளியே காணாவிட்டால் குனிந்து உள்பக்கத்தைப் பாருங்கள்.

டயர் என்றால் தேய்ந்தால்தான் பழசு என்று நாம் எண்ணுகிறோம். வாடகை வாகனத்துக்கு அது சரி. வருடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் கிலோமீற்றர் ஓடும் குடும்பக் காரின் டயர் தேய்ந்து முடிவதில்லை. இருந்தே முடிந்து போகிறது. காற்றில் உள்ள ஒட்சிசனும் ஓசோனும் வெயிலும் சூடும் இறப்பரை மெல்ல மெல்ல இறுக்கமாக்கிவிடுகின்றன. வெடிக்காமல் காக்கும் மெழுகு போன்ற ஒரு பொருளை இறப்பரோடு கலந்தே டயர் செய்கிறார்கள். சில்லு உருண்டு டயர் வளைந்து கொடுக்கும்போதுதான் அது மேலே கசிந்து வந்து பாதுகாக்கும். ஆகவே முற்றத்தில் வெயிலில் கிழமைக்கணக்கில் நிற்கும் காரின் டயர், தினமும் ஓடும் காரின் டயரை விடச் சீக்கிரம் பாளம் விடுவதும் உண்டு. வெளியே தெரியும் மயிரிழை வெடிப்பு ஒரு புறம் இருக்கட்டும். ஆபத்து உள்ளேதான். இறப்பருக்குள் பதித்திருக்கும் உருக்குக் கம்பிப் பட்டையும் இறப்பரும் ஒன்றையொன்று விட்டுக் கழன்றுகொள்ளும். அது கண்ணுக்குத் தெரியாது. அதிவேகப் பாதையில், நிறைந்த குடும்பத்தோடு, நடுப்பகல் சூட்டில் போகும்போதுதான் தெரியவரும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2012 செப்டெம்பர் 10 ஆம் திகதி இங்கிலாந்தின் சரே பகுதியில், விழா ஒன்றுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த இளைஞர்களை ஏற்றிய பஸ் ஒன்றின் முன் டயர் வெடித்தது. பஸ் பாதையை விட்டு விலகி மரத்தில் மோதியது. சாரதியும் பயணிகள் இருவரும் உயிரிழந்தார்கள். விசாரணையில் அந்த டயரின் வெட்டுகளில் குறை இருக்கவில்லை. சட்டத்துக்கும் முரணாகவில்லை. ஆனால் அதன் வயது 19 ஐத் தாண்டியிருந்தது. இறந்தவர்களில் ஓர் இளைஞனுக்கு வயது 18. தன் மகனை விட மூத்த டயர் ஒன்று அவனைக் கொண்டுபோய்விட்டதே என்று அந்தத் தாய் ஓய்ந்திருக்கவில்லை. வருடக்கணக்காகப் பாராளுமன்றத்தின் கதவைத் தட்டினார். 2021 பெப்ரவரி 1 ஆம் திகதி முதல் பஸ், லொறிகளின் முன் சில்லுகளில் பத்து வயதைத் தாண்டிய டயர் பூட்டுவது அங்கே தடை செய்யப்பட்டது. கார்களுக்கு அந்தத் தடை இல்லை. காருக்கு அதன் சொந்தக்காரரே பொறுப்பு.

எத்தனை வயதில் மாற்றுவது? பெரிய டயர் கம்பனிகள் பல, பாவனைக்கு வந்து ஐந்து வருடம் ஆனதும் வருடந்தோறும் தெரிந்தவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும், வெட்டு எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்கவே கூடாது என்கின்றன. கார் கம்பனிகளில் சில ஆறு வருடம் என்றே சொல்கின்றன. நமது வெயிலுக்கு நான் ஆறு, ஏழு என்பதையே எல்லையாகக் கொள்வேன். பக்கவாட்டில் கொப்புளம் போல் எங்காவது வீங்கியிருந்தால் வயதைப் பார்க்க வேண்டியதே இல்லை. குழியில் விழுந்து உள்நூல் அறுந்ததன் அடையாளம் அது. அன்றே கழற்றிவிட வேண்டும்.

சரி, புதிது வாங்கப் போகிறோம். கடைக்காரர் முதலில் விலையைச் சொல்வார், பிறகு நாட்டைச் சொல்வார். "இது ஜப்பான், இது தாய்லாந்து, இது சைனா." நீங்கள் அளவில் இருந்து தொடங்குங்கள். ஆல்டோ 800 க்கு 145/80 ஆர் 12. டயரின் அகலம் 145 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 வீதம், ரிம் 12 அங்குலம். வேகன் ஆர் வைத்திருப்போரில் பலருக்கு 155/65 ஆர் 14. சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் அளவும் காற்றின் அளவும் இருக்கும். அந்த அளவு கையிருப்பில் இல்லாவிட்டால், "கொஞ்சம் பெரிசு போட்டால் கார் நல்லா நிக்கும்" என்று சொல்லும் கடைகள் உண்டு. 145 க்குப் பதில் 155/80 பூட்டினால் சில்லின் சுற்றளவு கிட்டத்தட்ட 3 வீதம் கூடிவிடும். மீற்றர் நூறு காட்டும்போது கார் 103 இல் போகும். ஆட்கள் நிறைந்து ஸ்டியரிங்கை முழுதாக வெட்டும்போது மட்காட்டில் உரசவும் கூடும். அளவுக்குப் பக்கத்தில் 74 எஸ் என்பது போல் ஒரு குறி இருக்கும். 74 என்றால் ஒரு டயர் 375 கிலோ தாங்கும், எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீற்றர் வரை ஈடுகொடுக்கும் என்று பொருள். வேகம் நமக்குத் தேவையில்லை. ஆனால் சுமை எண் பழைய டயரில் இருந்ததை விடக் குறையவே கூடாது. பெருநாளைக்கு ஊருக்குப் போகும்போது நம் சிறிய கார்களில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், டிக்கியில் எத்தனை சட்டி பானை ஏறுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விடயம்.

அளவு பொருந்திய பிறகு, பூட்டுவதற்கு முன்பே அந்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். நிழலில் ஒழுங்காக அடுக்கி வைத்த டயர் ஒரு வருடம், ஒன்றரை வருடம் பழசாக இருப்பதில் குற்றமில்லை. விசேட கழிவு என்று சொல்லி விற்பது நாலு வருடம் கிடந்ததாக இருந்தால், நீங்கள் பாதி ஆயுளுக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். களனியில் செய்து இந்த வருடம் வந்த சியட் டயர் ஒன்று, களஞ்சியத்தில் வருடக்கணக்காகக் கிடந்த ஜப்பான் டயரை விட எனக்குப் பெறுமதியானது. நம் ஊர்ப் பொருள் என்பதற்காகச் சொல்லவில்லை. கம்பஹா ஹெனரத்கொடையில் 1876 இல் நட்ட இறப்பர் கன்றுகளில் இருந்து இந்தத் தொழிலைப் பழகி வந்த நாட்டில், டயர் என்றாலே வெளிநாடு என்று நினைப்பதுதான் விசித்திரம்.

2022 இல் நாடு நெருக்கடியில் இருந்தபோது டயர் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அப்போது பலர் ஜப்பானில் பாவித்துக் கழித்த டயரையும் டெக் பண்ணிய டயரையும் தேடி ஓடினார்கள். அந்தப் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. டெக் பண்ணுவது, அதாவது தேய்ந்த டயரின் மேல் புது இறப்பர் பதிப்பது, லொறிக்கும் பஸ்ஸுக்கும் நியாயமான தொழில்தான். ஆகாய விமானத்துக்கே செய்கிறார்கள். சிறிய காருக்கு அது இலாபமாக வருவதில்லை. பாவித்த ஜப்பான் டயரின் வெட்டைப் பார்த்து மயங்குவது அதை விட மோசம். அவற்றில் சில பனிக்காலத்துக்கென்று செய்தவை. பக்கவாட்டில் மலையும் பனித்துளிப் பூவும் பொறித்திருக்கும், அல்லது ஸ்டட்லெஸ் என்று எழுதியிருக்கும். உறைபனியிலும் இறுகாமல் இருக்க அந்த இறப்பரை மெதுமையாகச் செய்கிறார்கள். நம் தாரில் அது சோப்புக் கட்டி போலக் கரையும். மழையில் பிரேக் பிடித்தால் நிற்கும் தூரமும் கூடும்.

நாலையும் ஒரே தடவையில் மாற்ற வசதி இல்லையென்றால் இரண்டு வாங்குங்கள். ஒன்று வாங்கி ஒரு பக்கம் பூட்ட வேண்டாம். இரண்டையும் எங்கே பூட்டுவது என்பதில் நம் கடைக்காரர்களோடு எனக்குத் தீராத வழக்கு. அவர்கள் கேளாமலே முன்னுக்குப் பூட்டிவிடுவார்கள். எஞ்சின் இழுப்பதும் ஸ்டியரிங் திரும்புவதும் முன் சில்லுதானே, அதுதான் கெதியாகத் தேயும் என்பது அவர்கள் கட்சி. தேய்வது உண்மை. ஆனால் மழையில் முன் சில்லு வழுக்கினால் கார் வளைவில் சற்று நேரே போகப் பார்க்கும். காலை அக்சிலேட்டரில் இருந்து எடுத்தால் வேகம் குறைந்து பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். பின் சில்லு வழுக்கினால் காரே சுழன்றுவிடும். அதைத் திருப்பிப் பிடிப்பது பந்தயக்காரருக்குத்தான் முடியும். டயர் கம்பனிகள் நல்ல இரண்டும் பின்னுக்கு என்று சொல்வது இதனால்தான். மழை நாளில் கடுகண்ணாவை ஏற்றத்தில் இறங்கி வரும் சகோதரிக்கு இது மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். பின் ஆசனத்தில் இருப்பது பிள்ளைகள்.

பழைய இரண்டும் முன்னுக்கு வரும் என்பதால் அவையும் பத்திரமான நிலையில் இருக்க வேண்டும். வெட்டுகளின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் தெரியும். டயர் தேய்ந்து அவற்றோடு சமமானால் மிஞ்சியிருப்பது 1.6 மில்லிமீற்றர்தான், டயர் முடிந்தது. மழைக்கு 3 மில்லிமீற்றருக்குக் கீழே நம்ப வேண்டாம். சகோதரியின் டயர்களுக்கு இந்தக் கணக்கும் உதவாது. நாலும் ஒரே வயது. கடன்பட்டாவது நாலையும் மாற்றத்தான் வேண்டும்.

பூட்டும்போது இறப்பர் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள்; அதன் விலை சொற்பம், ஆனால் கேட்டால்தான் போடுவார்கள். பெலன்ஸ் செய்ய வேண்டும். பழைய டயர் ஒரு பக்கம் மாத்திரம் தேய்ந்திருந்தால் எலைன்மன்டும் பார்க்க வேண்டும். நைட்ரஜன் அடிக்கச் சொல்லிக் கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 வீதம் நைட்ரஜன் இருக்கிறது. அந்தக் காசில் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம். காற்றை மாதம் ஒரு தடவை, கார் ஓடிச் சூடேறுவதற்கு முன், கதவுத் தூணில் உள்ள அளவுக்குச் சரி பார்த்தால் போதும்.

டிக்கியில் கிடக்கும் ஸ்பெயார் சில்லையும் அன்றே வெளியே எடுத்து இலக்கத்தைப் பாருங்கள். அதுவும் 3314 ஆகத்தான் இருக்கும். ஜப்பானில் இருந்து வந்த வேகன் ஆர் பலவற்றில் ஸ்பெயார் சில்லே இல்லை, பஞ்சர் அடைக்கும் பசைப் போத்தல் ஒன்றும் சிறிய காற்றடிக்கும் கருவியும்தான். அந்தப் போத்தலிலும் காலாவதித் திகதி அச்சிட்டிருக்கும்.